ஏழாவது கேள்வி

வலது காலுக்குச் சப்பாத்து ஏறவில்லை. விமலராணி குதிக்காலுக்குப் பின்னால் விரலைக் கொடுத்து அழுத்தினாள். நாடாவை முழுவதும் உருவிவிட்டும் பார்த்தாள். ஆறு நாட்கள் ஆஸ்பத்திரிக் குளிரறையில் கிடந்த கால் விறைத்து வீங்கியிருந்தது. இடது காலுக்கு எப்படியோ போட்டாயிற்று.

"விடுங்கோ அக்கா," என்றாள் மேரிசெலின். "பெட்டி மூடினால் ஆருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமெல்லே."

கதவருகில் நின்ற வயதான தாதி கிட்ட வந்தார். சப்பாத்தை வாங்கிப் பின்பக்கத் தையலைக் கத்தரிக்கோலால் கீழ்வரை வெட்டினார். பிறகு அதைக் காலின் மேல் மெல்லப் பொருத்தி, வெட்டிய இடம் தெரியாதபடி துணியை இழுத்துவிட்டார். விமலராணியின் கணவர் ஸ்ரனிஸ்லாஸ் இப்போது ஒழுங்காக உடுத்திப் பயணத்துக்குத் தயாரானவர் போலக் கிடந்தார். மேரிசெலின் அவருடைய விரல்களில் செபமாலையைச் சுற்றினாள்.

தாதி ஒரு காகிதப் பையைக் கொண்டுவந்து கொடுத்தார். ஸ்ரனிஸ்லாஸ் விழுந்தபோது உடம்பிலும் கையிலும் இருந்தவை. கைக்கடிகாரம், சீப்பு, சுருட்டிய மஞ்சள் கொடி. அடியில் ஒரு சிறிய மண்ணிறப் போத்தல்.

போத்தலைக் கண்டதும் விமலராணி அதை எடுத்துத் தன் கோட்டுப் பைக்குள் போட்டாள்.

"அதென்ன அக்கா?"

"ஒண்டுமில்லை."

அவள் எழுந்து நடந்தபோது போத்தலுக்குள் குளிசைகள் கிலுங்கின. அறை முழுவதும் அந்தச் சத்தம் கேட்டதாக அவளுக்குப் பட்டது.

"இண்டைக்குக் கார் ஓட்டச் சங்கத்து ஆளும் வாறாராம்," என்றாள் மேரிசெலின். "அவர்தான் விசாரிக்கிறாராம். இவர் சொன்னவர்." இவர் என்றது அவள் கணவர் செல்வரட்ணத்தை. ஸ்ரனிஸ்லாசும் அவரும் டெனிஷ் நகரமான ஹோர்சன்ஸில் ஒரே தொழிற்சாலையில் வேலை; ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே பைத்தியம்.

அந்தப் பைத்தியம் கார் ஓட்டம். மிட்ஜெட் என்று சொல்லப்படும் குட்டிக் கார்கள். கூரை கிடையாது, சக்கரங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நகரத்துக்கு வெளியே ஒரு களிமண் வட்டத்தில் அவை சேற்றை வாரியிறைத்துக்கொண்டு சுற்றும். அகதியாக வந்த முதல் வருடம் வேலிக்கு வெளியே நின்று பார்த்த ஸ்ரனிஸ்லாஸ், இந்த வருடம், எண்பத்தாறில், வேலிக்கு உள்ளே போய்விட்டார். இரண்டாவது வளைவில் கொடிக்காரர். மஞ்சள் மேலங்கியும் ஒரு கொடியும் கொடுத்தார்கள். பிள்ளைகள் இல்லாத வீட்டில் அந்த மேலங்கியை அவர் தானே தோய்த்து, தானே மினுக்கி, கதவுக்குப் பின்னால் தொங்கவிடுவார்.

போன ஞாயிறு மூன்றாவது ஓட்டத்தில் ஒரு கார் சுழன்று பாதைக்குக் குறுக்கே நின்றது. பின்னால் வருபவர்களை எச்சரிக்கக் கொடி எழும்பியிருக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் ஸ்ரனிஸ்லாஸ் விழுந்தார். பின்னால் வேகமாக வந்த யென்ஸ் என்ற இளைஞனின் கார் நின்ற காரில் மோதிக் கவிழ்ந்தது. ஸ்ரனிஸ்லாஸ் அந்த இடத்திலேயே போய்விட்டார். யென்ஸ் ஓகூஸ் நகரத்து ஆஸ்பத்திரியில் ஆறு நாட்களாகக் கண் திறக்கவில்லை.

கொடி எழும்பியதா, அதற்கு முன்பே அவர் விழுந்தாரா என்பது ஒருவருக்கும் தெரியாது. ஏன் விழுந்தார் என்பது விமலராணிக்கு மட்டும் தெரியும்.

பங்குனி மாதம் ஓட்டப்பாதை பழைய சங்கத்தை விட்டுப் புதிய சங்கத்தின் கீழ் வந்தது. புதிய சங்கம் கொடிக்காரர்களிடம் ஒரு பத்திரம் கேட்டது. சாப்பாட்டு மேசையில் அகராதியோடு இருந்து இரண்டு பேரும் நிரப்பினார்கள். அவளுடைய எழுத்துத்தான் வடிவு, பேனை அவள் கையில் இருந்தது. ஏழாவது கேள்வி இதய நோய் பற்றியது. மாசி மாதம்தான் வைத்தியர் அவருக்கு நாக்கின் கீழ் வைக்கும் குளிசை கொடுத்திருந்தார்.

"இதுக்கு என்ன போடுவம்?" என்று அவர் கேட்டார்.

அவர் கேட்டு முடிக்குமுன் அவள் 'நை' என்ற பெட்டியில் புள்ளடி போட்டுவிட்டாள். இல்லை என்ற பெட்டி அது. அகதி முகாமில் முதல் பத்திரம் நிரப்பிய அன்று பக்கத்துக் கட்டிலில் இருந்த பாலசிங்கம் சொல்லிக் கொடுத்த பாடம்: "வருத்தம் எண்டு கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு நை போடுங்கோ. ஓம் எண்டு போட்டால் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்." அப்படி அனுப்பப்பட்ட ஒருவரையும் அவள் கண்டதில்லை. ஆனாலும் கசமா, வலிப்பா, சலரோகமா, எது கேட்டாலும் அன்று முதல் அவள் கை அந்தப் பெட்டிக்கே போயிற்று. இங்கே இருக்கலாம் என்று அனுமதி வந்த பிறகும் கை மாறவில்லை.

ஸ்ரனிஸ்லாஸ் புள்ளடியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். அந்த மேலங்கியில் அவருக்கு அவ்வளவு ஆசை.

ஞாயிறு மாலை ஆஸ்பத்திரியில் இளம் வைத்தியர் கேட்டார், முன்பு ஏதாவது நெஞ்சு வருத்தம் இருந்ததா என்று. அப்போதும் அவள் நை என்றாள்.

கோயிலில் பூசை நடந்தபோது அவள் பீடத்தைப் பார்க்கவில்லை. பின்வரிசைகளைப் பார்த்தாள். ஓட்டப்பாதை ஆட்கள் முப்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். இந்தக் கோயிலுக்கு ஒருநாளும் வந்திராதவர்கள். எப்போது எழும்புவது, எப்போது இருப்பது என்று தெரியாமல் தமிழரைப் பார்த்துப் பார்த்து எழும்பினார்கள். அவர்களுக்கு நடுவில் மெலிந்த ஒருவர் மடியில் தோல்பையோடு இருந்தார். அந்தப் பைக்குள் அவளுடைய வடிவான எழுத்து இருக்கிறது என்று அவள் நினைத்தாள். சேமக்காலையில் மண் போடும்போதும் அந்தப் பை எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டாள். குனிந்தபோது குளிசைகள் கிலுங்கின. கையால் பொத்திப் பிடித்தாள்.

அடக்கம் முடிந்து கோயில் மண்டபத்தில் கோப்பியும் பணிசும் கொடுத்தார்கள். மேரிசெலின் எவ்வளவு மறித்தும் விமலராணி கோப்பிக் கூசாவைத் தூக்கிக்கொண்டாள். சும்மா இருந்தால் யாராவது பக்கத்தில் வந்திருந்து கேட்டுவிடுவார்கள்.

நடு மேசையில் வாக்குவாதம் ஏற்கெனவே தொடங்கியிருந்தது. பெண்ட், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், முப்பது வருடமாகப் பழைய சங்கத்தின் ஆள். கார்லோ, தச்சர், புதிய சங்கத்துக்காக வீடு வீடாகக் கையெழுத்துச் சேர்த்தவர். டெனிஷில் அவர்கள் வேகமாகக் கதைத்தாலும் இந்தச் சண்டையை வீட்டில் கேட்டுக் கேட்டு அவளுக்கு முக்கால்வாசி விளங்கியது.

"ஒரு வளைவுக்கு ரெண்டு பேர். அது எங்கட விதி," என்றார் பெண்ட். "ஒருத்தன் விழுந்தால் மற்றவன் கொடியைத் தூக்குவான்."

"உங்கட ரெண்டு பேரும் போன வருசம் கொடியை நிலத்தில குத்திவிட்டு வோபல் பலகாரம் தின்றுகொண்டு நின்றார்கள். என்னட்டப் படம் இருக்கு."

"தின்றாலும் நின்றார்களே."

"உங்கட விதிப்புத்தகத்தில டயரின் அகலத்துக்கே ஒன்பது பக்கம். வாசிச்சு முடிய ஓட்டக் காலம் முடிஞ்சுவிடும்."

"உங்களிட்டப் புத்தகமே இல்லை. ஒரு தாள். நாங்கள் வைத்தியரின்ர கடிதம் கேட்டோம். நீங்கள் என்ன கேட்டீர்கள்? அவனவன் தானே புள்ளடி போட்டால் போதும். எவன் உண்மையைப் போடுவான்?"

கூசாவின் மூக்கு கோப்பையில் தட்டுப்பட்டது. கோப்பி மேசைவிரிப்பில் பரவியது. கார்லோ எழுந்து தன் கைக்குட்டையால் ஒற்றினார். "ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை," என்றார் அவளிடம்.

செல்வரட்ணம் தமிழில் மெல்லச் சொன்னார்: "பாத்தியளே அக்கா, செத்தவீட்டிலயும் இவங்களுக்கு இதுதான். அண்ணை இருந்திருந்தால் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு நடுவில இருந்திருப்பார்."

"அவர் எந்தப் பக்கம், தம்பி?"

"ரெண்டு பக்கத்துக்கும் ஏச்சுத்தான். ரெண்டு சங்கமும் ஒத்துக்கொள்ளுற விதி உலகத்தில ஒண்டே ஒண்டுதான் எண்டு சிரிப்பார். மஞ்சள் கொடி எழும்பினால் ஒருத்தரும் ஒருத்தரை முந்தக்கூடாது. அந்த நேரம் எல்லாரும் கோயிலுக்கு வந்த சனம் மாதிரிப் போவாங்கள் எண்டுவார்."

"கொடி எழும்பினது," என்று கார்லோ மறுபடி தொடங்கினார். "நான் மஞ்சளைக் கண்டேன்."

"நீ கண்டது அவனுடைய மேலங்கியை. விழும்போது," என்றார் பெண்ட்.

அப்போது மண்டபத்துக் கதவு திறந்தது. மழைக் கோட்டோடு ஒரு பெண் உள்ளே வந்தாள். ஐம்பது வயதிருக்கும். தலைமயிர் நனைந்திருந்தது.

"இங்கர்," என்று பெண்ட் எழுந்தார். "யென்ஸ் எப்படி?"

"அப்படியேதான்."

அவள் யென்ஸின் தாய். நேரே விமலராணியிடம் வந்தாள். கையை நீட்டினாள். "யென்ஸ் உங்கள் கணவரைப் பற்றிச் சொல்வான். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முதல் அவனுக்கு ஏதோ உறைப்பான வடை கொடுப்பாராம்."

அந்த வடைகளைச் சுட்டது விமலராணி. எத்தனை வடை என்று ஒருநாளும் அவர் கணக்குச் சொன்னதில்லை. யாருக்கு என்றும் சொன்னதில்லை.

இங்கரின் கை குளிர்ந்திருந்தது. விமலராணி அதைப் பிடித்தபடி நின்றாள். தோல்பைக்காரர், புதிய சங்கத்தின் செயலாளர், சுவரோரத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது பேசாமல் இருந்தால் இந்தப் பெண் கோப்பி குடித்துவிட்டுப் போய்விடுவாள். பத்திரம் பைக்குள் கிடந்து மங்கிவிடும். ஒருவரும் கேட்கமாட்டார்கள். மாதாவே என்று மனதுக்குள் ஒரு முறை சொன்னாள். வெட்டிய சப்பாத்து ஏனோ நினைவில் வந்தது.

கோட்டுப் பையிலிருந்து போத்தலை எடுத்து மேசையில் வைத்தாள். குளிசைகள் கிலுங்கின.

"அவருக்கு இதயம் வருத்தம்," என்றாள் தனக்குத் தெரிந்த டெனிஷில். "முன்பே. எனக்குத் தெரியும். சங்கத்தின் தாளில் நான் நை எழுதினேன். அவர் இல்லை. நான்."

செல்வரட்ணம் பாதி எழுந்தார். "அக்கா, என்ன கதைக்கிறியள்? பேசாமல் இருங்கோ." அவரும் பத்திரங்களில் நை போட்டவர்தான்.

செயலாளர் எழுந்து வந்தார். போத்தலின் ஒட்டுத்தாளைக் கண்ணாடி போட்டு வாசித்தார். "இதை நான் எழுதிக்கொள்ள வேண்டியிருக்கும்," என்றார். குரலில் கோபம் இல்லை. "கேள்விகள் வரும். பொலிஸும் கேட்கலாம்."

"எழுதுங்கள்," என்றாள் விமலராணி.

பெண்ட் கார்லோவைப் பார்க்கவில்லை. கார்லோ பெண்ட்டைப் பார்க்கவில்லை. இங்கர் போத்தலைப் பார்த்தாள். அவள் அடிப்பாள், அல்லது கத்துவாள் என்று விமலராணி காத்திருந்தாள். இரண்டையும் அவள் செய்யவில்லை. விமலராணியின் இடது கையில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த கோப்பிக் கூசாவை வாங்கி மேசையில் வைத்தாள். அது சிந்திக்கொண்டிருந்தது.

"நான் அவனைப் பார்க்கலாமா?" என்று விமலராணி கேட்டாள். கேட்ட பிறகுதான் தான் அதைக் கேட்டது அவளுக்கே தெரிந்தது.

இங்கர் யன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்தாள்.

"கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொள்ளுங்கள்," என்றாள். "வெளியே குளிர்."

மேரிசெலின் வாசல்வரை ஓடிவந்தாள். "அடக்கம் செய்த கையோட எங்கயக்கா போறியள்? சனம் என்ன சொல்லும்? வீட்டில விளக்குக் கொளுத்த வேண்டாமே?"

"நீ கொளுத்திவிடு, பிள்ளை. வாறன்."

காரில் இங்கர் இரண்டு கைகளாலும் ஸ்ரியரிங் வளையத்தை இறுகப் பிடித்திருந்தாள். கார் சைக்கிள் வேகத்தில் ஊர்ந்தது. கண்ணாடித் துடைப்பான் அழும் பிள்ளையைப் போலச் சத்தமிட்டது. ஓகூஸில் அந்தக் கட்டிலைப் பார்த்து என்ன சொல்வது, யென்ஸ் கண் திறந்தால் என்ன சொல்வது, திறக்காவிட்டால்? விமலராணி காலை முதல் கூடவே கொண்டுதிரிந்த காகிதப் பைக்குள் கையை விட்டாள். சுருட்டியபடியே கிடந்த கொடிக்குள் இன்னும் ஈரம் இருந்தது. அதை வெளியே எடுத்து மடியில் வைத்தாள். கம்பில் களிமண் காய்ந்திருந்தது.

பக்கக் கண்ணாடியில் வெளிச்சங்கள் தெரிந்தன. மண்டபத்திலிருந்து மற்றவர்களும் புறப்பட்டிருந்தார்கள். முதலில் பெண்ட்டின் பழைய கார், அதன் பின்னால் ஏணி கட்டிய கார்லோவின் வாகனம், பிறகு செல்வரட்ணம், பிறகு இன்னும் பல. பெண்ட்டின் வீட்டுக்குத் திரும்பும் சந்தி வந்தது, போயிற்று; அவர் திரும்பவில்லை.

நகரத்து எல்லையில் சாலை அகன்று இரண்டு தடங்களாயிற்று. இங்கர் வேகத்தைக் கூட்டவில்லை. விமலராணி கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முந்துவதற்கான இடப்பக்கத் தடம் மழையில் பளபளத்துக்கொண்டு வெறுமையாகக் கிடந்தது. பின்னால் வந்த கார்களில் ஒன்றும் முந்தவில்லை.