டிசைனர் வீட்டுக்காரர்

அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் அவரை 'டிசைனர்' என்றுதான் சொல்வார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் அட்டையோடு சரி. பதினெட்டு வருடமாக அதே கடை, அதே கம்ப்யூட்டர் மேஜை, ஒரு பக்கம் சாயும் அதே சுழல் நாற்காலி. விசிட்டிங் கார்டோ கல்யாணப் பத்திரிகையோ கடை போர்டோ, எது கேட்டாலும் வந்தவரை எதிரில் உட்கார வைத்துக்கொண்டே போட்டுத் தந்துவிடுவார். ஒரே கார்டில் ஏழு வகை எழுத்து, எழுத்துக்கு நிழல், நிழலுக்குத் தங்க ஓரம், தப்பித்தவறி எங்காவது மூலை காலியாக இருந்தால் அங்கே ஒரு ரோஜாப்பூ. கேட்டு வந்தவன் மனம் நிறைந்து போகட்டுமே, கஞ்சத்தனம் எதற்கு என்பது அவர் கட்சி.

அவர் மனைவி பக்கத்து அறையில் இருப்பாள். அடித்து வந்ததை வெட்டுவது, லேமினேட் செய்வது, கட்டிக் கொடுப்பது எல்லாம் அவள். ஒரு நாள் நூலக வாசலில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்துவிட்டு வந்தாள். நூலக மாடியில் மாலை வகுப்பாம். எழுத்தையும் படத்தையும் எப்படி அமைப்பது என்று அடிப்படையிலிருந்து சொல்லித் தருவார்களாம், ஆறு மாதம்.

"நான் போகட்டுமாங்க?" என்றாள்.

"வீட்டுலயே ஒரு டிசைனரை வெச்சுக்கிட்டு வெளியில போய்க் கத்துக்கப் போறியா? நாலு பேர் சிரிக்க மாட்டாங்க?"

"நீங்க எங்க சொல்லித் தர்றீங்க? கேட்டா, பார்த்துக் கத்துக்கோன்னு சொல்றீங்க."

மனுஷன் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. நானும் வருகிறேன் என்று தன் பெயரையும் சேர்த்துக் கொடுத்தார். வகுப்பெடுக்க வருகிறவரே தன்னிடம் நாலு விஷயம் கேட்டுத் தெரிந்துகொள்வார் என்று உள்ளூர ஒரு நினைப்பு. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்பார்களே, அதை அவர் கையெழுத்துப் போட்டுச் செய்தார்.

வகுப்பெடுத்தவள் இருபத்தாறு வயதுப் பெண். எல்லாரும் மிஸ் என்றார்கள், அவரும் பல்லைக் கடித்துக்கொண்டு மிஸ் என்றார். முதல் நாள், அவரவர் செய்த வேலை ஏதாவது ஒன்றைக் கொண்டு வரச் சொல்லியிருந்தாள். மற்றவர்களிடம் என்ன இருக்கும், பாவம், அவர் தன் கடையின் சொந்த கார்டையே கொண்டு போனார். மிஸ் அதைப் பெரிதாக்கித் திரையில் போட்டாள்.

"இதுல உங்க கண்ணு முதல்ல எங்க போகுது? ஒவ்வொருத்தரா சொல்லுங்க."

பன்னிரண்டு பேர் இருந்தார்கள். அவரை விட்டு மீதிப் பதினோரு பேரும் பதினோரு இடத்தைச் சொன்னார்கள். ஒரு காலேஜ் பையன் ரோஜாப்பூ என்றான்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். எல்லாரும் ஒரே நேரத்துல கத்தினா யார் பேச்சு காதுல விழும்?" என்றாள் மிஸ்.

வகுப்பு சிரித்தது. அவர் மனைவியும் வாயைக் கையால் பொத்திக்கொண்டு கொஞ்சம் சிரித்தாள். ஊரே சிரித்ததைக்கூட அவர் அன்றைக்கே மறந்திருப்பார். அந்தப் பொத்திய கையைத்தான் மறக்க முடியவில்லை.

அது போதாதென்று அந்த கார்டையே எல்லாருக்கும் வீட்டுப் பாடமாகக் கொடுத்தாள் மிஸ். ஒரே வகை எழுத்து, இரண்டே அளவு, கறுப்பு மை மட்டும். மறுவாரம் பன்னிரண்டு கார்டுகளையும் சுவரில் குத்தியபோது, அவர் மனைவியின் கார்டுக்கு முன்னால்தான் கூட்டம். மேலே சின்னதாகக் கடைப் பெயர், கீழே பெரிதாக ஃபோன் நம்பர், நடுவில் வெறும் வெள்ளை.

"பேரை விட நம்பர் ஏன் பெருசு?" என்று மிஸ் கேட்டாள்.

"கடைப் பேரு எல்லாருக்கும் தெரியும் மிஸ். அவசரத்துக்குக் கார்டை எடுக்கறவங்க நம்பரைத்தான் தேடுவாங்க. கண்ணாடி போடாமலே படிக்க முடியணும்ல?"

"இவங்களுக்குக் கண்ணு இருக்கு" என்றாள் மிஸ், வகுப்பைப் பார்த்து.

அவருக்கு வயிறு எரிந்தது. அதை வேறு எப்படிச் சொல்ல? பொறாமைதான், அப்பட்டமான பொறாமை. இவளுக்குக் கண் இருக்கிறதென்றால், பதினெட்டு வருடமாக நான் என்ன மூக்காலா பார்த்துக்கொண்டிருந்தேன் என்று வீடு வரும் வரை தனக்குள்ளேயே பொருமிக்கொண்டு வந்தார். 

நாளாக நாளாக அது வளர்ந்தது. வரிக்கும் வரிக்கும் எவ்வளவு இடைவெளி, எது பெரிது, எது சிறிது, எதை எதோடு சேர்த்து நிறுத்துவது என்று அவரும் கற்றுக்கொண்டுதான் வந்தார். ரகசியமாக அது அவருக்குப் பிடித்தும் இருந்தது. ஆனால் அவர் ஸ்கேல் வைத்து அரை மணி நேரம் அளந்து வைப்பதை அவள் தலையைச் சாய்த்து ஒரு தடவை பார்த்துவிட்டு வைத்துவிடுவாள், சரியாக இருக்கும். அவள் சுமாராகச் செய்திருந்தால் அவரே தட்டிக்கொடுத்திருப்பார். நன்றாகச் செய்து தொலைத்தாள்.

கடைக்கு வருகிறவர்களும் கழுத்தை நீட்டிப் பக்கத்து அறையைப் பார்க்க ஆரம்பித்தார்கள். எதிர்க் கடைத் தையல்காரர் புது போர்டு கேட்டு வந்தவர், "அக்கா இல்லீங்களா? அவங்க போட்டா நல்லாயிருக்கும்" என்றார்.

"ஏன், நான் போட்டா பூச்சி கடிக்குமா?"

"அதில்ல டிசைனரே. பஸ்ஸுல போறவன் படிக்கற மாதிரி போடறாங்கன்னு கேள்விப்பட்டேன்." பிறகு தன் நகைச்சுவையில் தானே மகிழ்ந்து, "இனிமே உங்களை டிசைனர் வீட்டுக்காரர்னு கூப்பிடணும் போல" என்று சேர்த்துக்கொண்டார்.

அவரும் சிரித்து வைத்தார். மத்தியானம் சோறு இறங்கவில்லை. மகள் வேறு, பள்ளிக்கூடத்து சார்ட்டைத் தூக்கிக்கொண்டு நேராக அம்மாவிடம் போனாள். "அப்பாகிட்ட குடுத்தா ரோஜாப்பூ போட்டுடுவாரும்மா" என்று அவள் சொன்னது அவர் காதில் விழுந்தது.

ஆறாவது மாதம் கடைசி வேலை வந்தது. ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் வழி காட்டும் பலகைகளை மாற்றப் போகிறார்கள். வகுப்பில் ஒவ்வொருவரும் ஒரு பலகை செய்ய வேண்டும். மூன்று நடைபாதைகள் பிரியும் முக்கில், ஒவ்வொன்றையும் ஒரு மணி நேரம் மாட்டிப் பார்ப்பார்கள். வழி கேட்கிறவர்களையும் தப்பான பக்கம் போகிறவர்களையும் சுவரோரம் உட்கார்ந்து ஒருவர் எண்ணுவார். யார் பலகைக்கு எண்ணிக்கை குறைவோ, அவருக்குத்தான் ஆஸ்பத்திரியின் நாற்பது பலகைகளும். பலகை செய்தவர் வாயே திறக்கக் கூடாது. "பலகைதான் பேசணும், நீங்க பேசக் கூடாது" என்றாள் மிஸ்.

நாற்பது பலகை. நாளைக்கு ஊரே அதன் கீழே நின்று அண்ணாந்து பார்க்கும். அதைச் செய்தவருக்குத்தான் இனிமேல் டிசைனர் என்று பெயர், மற்றவர் அவருடைய வீட்டுக்காரர். அவருக்கு இது தூக்கத்திலும் தெரிந்திருந்தது. அவளோ இரண்டு ஞாயிற்றுக்கிழமை அந்த முக்கில் போய் நின்றாள். சக்கர நாற்காலியில் வருகிறவர் கண் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, தலைவலிக்காரர் எத்தனை அடி தூரத்திலிருந்து படிக்கிறார் என்று குறித்துக்கொண்டு வந்தாள். மிஸ் கொடுத்த புது எழுத்து வகை ஒன்றை வைத்து வகுப்புக் கம்ப்யூட்டரிலேயே செய்து முடித்தாள். மூன்று வரி. பிரசவம், பக்கத்தில் இடது அம்பு. எக்ஸ்ரே, பக்கத்தில் வலது அம்பு. மருந்து வாங்குமிடம், பக்கத்தில் நேர் அம்பு. அவ்வளவுதான். அதைப் பார்த்த அன்றே அவருக்குத் தெரிந்துவிட்டது, தான் தோற்றாயிற்று என்று.

பன்னிரண்டு பலகைகளையும் அச்சடிக்க வேறு எங்கே போவார்கள்? அவர் கடைக்குத்தான் வந்தன. சனிக்கிழமை காலையில் ஒவ்வொன்றாகத் திறந்து மெஷினுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். பதினோராவதாக அவளுடையதைத் திறந்தார். திரையில் ஒரு சின்னப் பெட்டி எழுந்து நின்றது. இந்த எழுத்து வகை இந்தக் கம்ப்யூட்டரில் இல்லை, வேறு எழுத்தைப் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டது.

எழுத்துகளைப் படம் போல உருவமாக மாற்றிவிட்டுக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த மெஷினில் இப்படி ஆகும் என்று மிஸ் சொல்லியிருந்தாள். புதிதாகக் கற்றவள், மறந்துவிட்டாள். வேறு சிலர் கோப்பிலும் இது வந்திருந்தது. அந்தக் காலேஜ் பையனுக்குக்கூட உடனே ஃபோன் போட்டு, எழுத்தை வாங்கிப் போட்டுத்தான் அடித்திருந்தார். இவள் பக்கத்து அறையில் பலகைக்கு அட்டை வெட்டிக்கொண்டிருந்தாள், கத்தரிச் சத்தம் கேட்டது. ஒரு குரல் கொடுத்தால் போதும்.

அவர் 'சரி' என்பதை அழுத்தினார்.

எழுத்து தடித்து அகன்றது. கொஞ்சம் அசிங்கமாகத் தெரியும், நாலு பேர் கூடுதலாக வழி கேட்பார்கள், அவ்வளவுதானே என்று மனதைச் சமாதானம் செய்துகொண்டார். மெஷினிலிருந்து வந்ததைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. பார்த்தால் திருத்த வேண்டியிருக்கும். அட்டையில் ஒட்டி, காகிதம் சுற்றி, மற்றவற்றோடு சேர்த்துக் கட்டிவிட்டார்.

சோதனை இரண்டு நாள் நடந்தது. அவருடைய பலகைக்கு வழி கேட்டவர்கள் நாலே பேர். வகுப்பே ஆச்சரியப்பட்டது, மிஸ் கையைக் குலுக்கினாள். நிஜமாகவே நல்ல பலகைதான், அதையும் சொல்லியாக வேண்டும். அவளுடையது கடைசி. எண்ணுவதற்குச் சீட்டுப் போட்டதில் அவர் பெயரே வந்தது. ஆஸ்பத்திரி எலெக்ட்ரீஷியன் ஏணியில் ஏறி, காகிதத்தைக் கிழித்துப் பலகையை மாட்டினார். நடைபாதையின் மறுகோடியில் நின்றிருந்த அவள் ஓரடி முன்னால் வந்தாள். "மாட்டியாச்சு, இனிமே பேசக் கூடாது" என்று மிஸ் கையைக் காட்டினாள்.

அப்போதுதான் அவரும் நிமிர்ந்து பார்த்தார்.  எழுத்து அகன்றதில் வரிக்குள் அம்புக்கு இடம் போதவில்லை. ஒவ்வொரு அம்பும் ஒரு வரி கீழே இறங்கி அடுத்த பெயருக்கு முன்னால் போய் நின்றிருந்தது. பிரசவத்துக்கு அம்பே இல்லை. அதன் இடது அம்பு எக்ஸ்ரேக்குப் போயிருந்தது, எக்ஸ்ரேயின் வலது அம்பு மருந்துக்கு, மருந்தின் நேர் அம்பு அடியில் தனியாக.

கையைத் தூளியில் கட்டிய ஒருவர் பலகையைப் படித்துவிட்டு, நன்றி சொல்லாத குறையாக இடது பக்கம் நடந்தார். பின்னாலேயே கால் வீங்கிய ஒருவர், அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு ஆண்கள். சற்று நேரத்தில் பிரசவ வார்டு நர்ஸ் நாலு பேரையும் ஓட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

"இங்க என்னய்யா வேலை உங்களுக்கு? யாருக்கு வலி?"

"எனக்குத்தாம்மா, முழங்கையில" என்றார் தூளிக்காரர்.

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அவர் மனைவி சிரிக்கவில்லை. சுவரோடு சுவராக நின்று பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. இந்த முகத்தைப் பார்க்கத்தானே ஆறு மாதமாக ஆசைப்பட்டாய், பார், நன்றாகப் பார் என்று அவர் மனமே அவரைப் பிடுங்கியது. அவர் காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டே இருந்தார். பதினேழு கோடு ஆயிற்று.

பிறகு ஒரு பெண் வந்தாள். நிறைமாதம், துணைக்கு யாரும் இல்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு பலகைக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள், மறுபடி பலகையைப் பார்த்தாள். பிறகு பலகையை நம்ப முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்தினாள்.

அவர் காகிதத்தைப் போட்டுவிட்டு ஓடினார். "இந்தப் பக்கம்மா, இடது பக்கம், என்னைப் பிடிச்சுக்கோ" என்று கைத்தாங்கலாக வார்டு வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது, மிஸ் சோதனையை நிறுத்தியிருந்தாள்.

"இது கிளாஸ்ல நான் பார்த்த எழுத்து இல்லையே" என்று பலகையைக் காட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். "உருவமா மாத்தாம குடுத்துட்டீங்களா?"

"மறந்துட்டேன் மிஸ்" என்றாள் அவர் மனைவி.

"பரவாயில்ல, இதுல ஒரு தடவை மாட்டாதவங்க யாரு? சார், நாற்பது பலகையும் உங்களுக்குத்தான்."

எல்லாரும் கை தட்டினார்கள். அவர் மனைவியும் தட்டினாள். அப்புறம் எல்லாரும் ஃபோட்டோ எடுக்க வாசல் பக்கம் போனார்கள். எலெக்ட்ரீஷியன் இறக்கி வைத்த பலகையை அவள் காகிதத்தில் சுற்றினாள். அவர் குனிந்து ஒரு முனையைப் பிடித்துக் கொடுத்தார்.

"என்னங்க, ஒண்ணு கேக்கறேன். எழுத்து இல்லன்னா மெஷின் தானாவே மாத்திக்குமா, இல்ல கேட்டுட்டு மாத்துமா?"

பதினெட்டு வருட அனுபவம். அதில் ஒரு பொய்கூட அந்த நேரத்துக்கு உதவவில்லை.

"கேக்கும்."

"உங்களைக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

அவள் காகிதத்தின் ஓரத்தை மடித்து, நூலை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள். வாசலிலிருந்து யாரோ அவரைக் கூப்பிட்டார்கள்.

"போங்க டிசைனர்" என்றாள். "உங்களைத்தான் கூப்பிடறாங்க."

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் அவரை அப்படிக் கூப்பிட்டதே இல்லை.