பதினோரு பக்க நீர்ச்சுழற்சி

தென்காசியில் ஞானதுரை அண்ணாச்சியின் பழைய பேப்பர் கிட்டங்கிக்கு எங்கள் ஒன்பதாம் வகுப்பைக் கூட்டிப்போனது அறிவியல் எடுக்கும் சாவித்ரி டீச்சர்தான். "கழிவு எப்படித் திரும்பப் பொருளாகுதுன்னு கண்ணால பாக்கணும்ட்டி" என்றார்கள். அது 1984. வெளியே தூறல். நாற்பது பேரும் சாக்குமூட்டைகள் மேல் ஏறி உட்கார்ந்தோம்.

அண்ணாச்சிக்கு ஏக உற்சாகம். பாட்டில் தனி, தகரம் தனி, எழுதின வெள்ளைத்தாள் தனி என்று சுற்றிக் காட்டினார். "இதெல்லாம் மில்லுக்குப் போயி, கூழாகி, அட்டையா வரும் பிள்ளேளா" என்று என் காலடியில் ஒரு கட்டைப் பிரித்தார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தனையும் எங்கள் அரையாண்டு விடைத்தாள்கள். மேலே இருந்தது என்னுடையது: நூருன்னிசா, 81. தாளைத் திருப்பிக் கேட்டபோதெல்லாம் "கரையான் அரிச்சிட்டு" என்று சொன்னவர்கள் டீச்சர். வீட்டு வாசலில் பழைய பேப்பர் வாங்கும் சைக்கிள்காரனுக்குப் போட்டது இங்கேதான் வந்து சேரும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? தூறலை வேடிக்கை பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

எனக்கும் வேறு வழியில்லை. தாளை எடுத்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன். டீச்சர் படித்து மார்க் போடுவதில்லை, பக்கத்தை எண்ணித்தான் போடுகிறார்கள் என்பதை நான் எப்போதோ கண்டுபிடித்திருந்தேன். 'நீர்ச்சுழற்சியை விளக்குக' என்ற கேள்விக்குக் கடலை ஆவியாக்கி, மேகமாக்கி, குற்றாலத்தில் மழையாகக் கொட்டிவிட்டு, மிச்சப் பக்கங்களில் எங்கள் சாச்சா மெயினருவிக்குக் குளிக்கப்போன கதையை எழுதிவைத்தேன். அதற்கே பதினோரு பக்கம். மற்ற விடைகளையும் இப்படித்தான் இழுத்திருந்தேன். வகுப்பில் முதல் மார்க். ஆண்டுவிழாப் பரிசுக்குப் பேர் வாசித்தாயிற்று, துபாயில் இருக்கும் வாப்பாவுக்கு லெட்டரும் போட்டாயிற்று. இப்போது மாட்டினால் எல்லாம் போச்சு.

அதற்குள் விஜயம் தன் தாளை எடுத்துவிட்டாள். எதையும் அளந்து எழுதுகிறவள். மொத்தமே நாலு பக்கம், 41 மார்க்.

"எல்லாம் சரியாத்தான எழுதியிருக்கேன் டீச்சர்?" என்றாள்.

"விளக்கம் பத்தாதுட்டி. நூருன்னிசாவப் பாத்துக் கத்துக்க."

விஜயம் கண் கலங்கி என்னைப் பார்த்தாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கம்மென்று உட்கார்ந்திருந்தால் பரிசு என்னுடையது. என் புத்திதான் சொன்னபடி கேட்காதே! எழுந்து, தாளைப் பிரித்து, உரக்க வாசித்தேன்.

"அருவி துண்டை அடித்துக்கொண்டு போனது. சாச்சா துரத்திக்கொண்டு ஓடினார். அது பெண்கள் பக்கம் என்பதை அவர் கவனிக்கவில்லை..."

கிட்டங்கியே சிரித்து உருண்டது. "பெறவு என்னாச்சு பாப்பா?" என்று அண்ணாச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"பத்துக்குப் பத்து கெடச்சுது அண்ணாச்சி" என்றேன்.

டீச்சர் முகம் சிவந்தது. பிறகு சுருங்கியது. கடைசியில் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து சிவப்புப் பேனாவைத் திறந்தார்கள். நாற்பது தாளையும் சாயங்காலம் வரை அங்கேயே வரிவரியாகத் திருத்தினார்கள்.

விஜயத்துக்கு 92. எனக்கு 35. பரிசு போனதில் வயிறு எரிந்தது. ஆனாலும் ஃபெயில் இல்லை, டீச்சர் இரக்கப்பட்டிருக்க வேண்டும்.

விஜயம் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்படியே என் தாளை வாங்கி, விரலை ஓட்டி ஒவ்வொரு மார்க்காகக் கூட்டிப் பார்த்தாள்.

"டீச்சர், கூட்டல் தப்பு. நூருன்னிசாவுக்கு முப்பத்துநாலுதான் வருது."