தளத்தில் பிழையில்லை

என் தகப்பனார் இளையதம்பியின் பெயரால் அக்கராயனில் ஒரு கூடைப்பந்துக் கிண்ணம் இருக்கிறது. இருக்கிறது என்பதைவிட, வருடத்தில் ஒரு கிழமை மட்டும் எங்கள் வீட்டுக்கு வந்து போகிறது என்பதே சரி. அவருடைய நினைவாகப் பங்குனி மாதத்தில் போட்டி நடத்துகிறோம். மூன்று வருடமாகப் புதுக்குடியிருப்புக் கழகமே வெல்கிறது. போட்டிக்கு முந்திய கிழமை அவர்கள் கிண்ணத்தைத் திருப்பித் தருவார்கள். என் மனைவி சிவனேஸ்வரி பழப்புளி போட்டு மினுக்குவாள். கழகத் தலைவர் என்ற முறையில் நான் நிமிர்ந்து நின்று, அதை மறுபடியும் அவர்களுடைய கையிலேயே கொடுப்பேன்.

“ஏனம் கழுவிக் குடுக்க அவையளுக்கு எங்களை விட்டால் ஆள் இல்லை,” என்பாள் அவள்.

போட்டி நடப்பது எங்கள் வளவில், அப்பா நெல் காயவிடுவதற்காகக் கட்டிய சீமெந்துத் தளத்தில். இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, கிணற்றுக்குக் கட்டு இல்லை. தளம் மட்டும் அவர் விட்ட மாதிரியே கிடந்தது. கனடாவிலிருந்து வந்த என் தம்பி அதன் இரண்டு அந்தத்திலும் தூண் நட்டு வளையம் பூட்டினான். அறுவடைக் காலத்தில் நெல், மற்றக் காலத்தில் பந்து. எவரும் நெல் பரப்பலாம், எவர் வீட்டுப் பிள்ளையும் விளையாடலாம். தளத்தைக் குறை சொல்ல மட்டும் எவருக்கும் உரிமை இல்லை.

சும்மா வைத்த பந்து மேற்கு வேலியை நோக்கி உருண்டு போவது உண்மைதான். கேட்டால் பொடியள் “காத்து, ஐயா” என்பார்கள். எங்கள் வளவில் காற்று எக்காலத்திலும் கிழக்கிலிருந்தே வீசும் என்று நானும் நம்பியிருந்தேன்.

இந்த வருடம் மாசி மாதத்தில் கழகக் கூட்டம் கூடியது. விளையாடிப் பழக வேண்டிய நாள்தான். ஆனால் தளம் நிறைய ஆண்டியப்பனின் நெல் காய்ந்துகொண்டிருந்ததால், அதன் ஓரமாகக் கதிரைகளைப் போட்டுக்கொண்டு கூட்டம் வைத்தோம். பேச எடுத்த விடயம் ஒன்றே ஒன்று. ஆண்டியப்பனின் மகன் விஜிதரனை அணிக்குத் திரும்ப எடுப்பதா, விடுவதா?

விஜிதரன் ஸ்கந்தபுரத்துப் பொடியன். தகப்பனோடு நெல் கிண்ட வந்து, எங்கள் தளத்திலேயே பந்து பழகியவன். தென்னம்பிள்ளை மாதிரி வளர்ந்துவிட்டான். வளையத்துக்குக் கீழே நின்று எதிரணியின் பந்தைத் தட்டி விழுத்துவதே அவன் வேலை. பொடியள் அதைச் ‘சென்ரர்’ என்பார்கள். அவன் தட்டுகிற தட்டைப் பார்த்து வவுனியாக் கழகம் ஒன்று அவனைக் கூட்டிக்கொண்டு போனது. அங்கே போன நாளிலிருந்து ஒரு பந்தும் அவன் கையில் படவில்லை. மற்றவன் எறிய முன்னரே குதிக்கிறான், எறியும்போது கீழே நிற்கிறான் என்று கதை வந்தது. கடைசியில் அவனை வாங்கிலில் உட்கார வைத்துவிட்டார்கள்.

“மாமா, சென்ரர் இல்லாமல் நாங்கள் வெல்லேலாது,” என்றான் தயாபரன். என் தங்கையின் மகன், அணித்தலைவன். “போன முறை புதுக்குடியிருப்பின்ரை பெரியவன் எங்கட வளையத்துக்குக் கீழை பாய் விரிச்சுப் படுக்காத குறை.”

“அதுக்காக? வவுனியாக்காரன் வேண்டாமெண்டு வைச்சதை நாங்கள் பொறுக்கிறதோ?” என்றேன்.

“கலியாணத்துக்கோ எடுக்கிறம், மாமா? பந்துக்குத்தானே.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவன் விளையாட்டு மங்கியது எனக்கு ஒரு பொருட்டே இல்லை. என்னைத் தைத்தது வேறொன்று. மார்கழியில் ஒரு கலியாண வீட்டில் புதுக்குடியிருப்புக் கழகத் தலைவர் யோகலிங்கம் என் பக்கத்தில் சாப்பிட இருந்தார். அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, பந்தி முழுதும் கேட்கும்படி, “அண்ணை, உங்கட அப்பா கட்டினது விளையாட்டுத் தளமோ, சின்னப்பிள்ளையளின்ரை சறுக்கீசோ? ஒரு பக்கம் சரிவெண்டு உங்கட பொடியன் விஜிதரன் வவுனியாவிலை சொல்லித் திரியிறானாமே,” என்றார். அன்று நான் பாயசத்தைத் தொடவில்லை.

“அவன் வரட்டும்,” என்றேன் கூட்டத்தில். “எல்லாருக்கும் முன்னாலை, ‘தளம் மட்டம், நான் சொன்னது பிழை’ எண்டு சொல்லட்டும். அதுக்குப் பிறகு எடுக்கிறதைப் பற்றிக் கதைப்பம்.”

தயாபரன் தொலைபேசியை எடுத்து ஏதோ தட்டினான். சற்று நேரத்தில் விஜிதரன் படலையைத் திறந்துகொண்டு குனிந்து வந்தான். எங்கள் படலைக்கு மேலே வளைவு ஒன்றும் இல்லை. குனிவது அவனுக்குப் பழக்கமாகிவிட்டது போலும். இவ்வளவு கெதியில் ஸ்கந்தபுரத்திலிருந்து வர முடியாது. ஒழுங்கை முடக்கிலேயே அவனை நிறுத்தி வைத்திருந்தார்கள் என்று பிறகுதான் விளங்கியது.

“ஐயா, மன்னிப்புக் கேக்கச் சொல்லுங்கோ, இப்பவே கேக்கிறன்,” என்றான். “மட்டம் எண்டு மட்டும் சொல்லச் சொல்லாதேங்கோ. அது ஏலாது.”

“ஏன் ஏலாது?”

“நான் பழகினதே இந்தச் சரிவிலை, ஐயா. மேற்கு வளையத்துக்குக் கீழை நிண்டால் வாறவன் இறக்கத்திலை ஓடி வாறான், கெதியா வந்திடுவான். நான் முந்திக் குதிக்கோணும். கிழக்காலை நிண்டால் அவன் ஏற்றத்திலை வாறான், நான் பிந்தோணும். வவுனியாவிலை ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி. எப்ப குதிக்கிறதெண்டு காலுக்குத் தெரியேல்லை. பயிற்றுநர் ஏனெண்டு கேட்டவர். உள்ளதைச் சொன்னன்.”

“நல்ல சாட்டு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம்.”

“எனக்கு இந்தக் கோணல் கூடத்திலை மட்டுந்தான் ஆடத் தெரியும், ஐயா,” என்றான் அவன், தலையைக் குனிந்தபடி.

பின்னால் யாரோ சிரிப்பை அடக்கி இருமினார்கள். நான் கதிரையிலிருந்து எழுந்தேன். “இந்தத் தளம் மட்டம். எங்கட அப்பா கட்டினது. கூட்டம் முடிஞ்சுது,” என்றேன்.

முடியவில்லை. குளத்துப் பக்கமிருந்து ஒரு கறுப்பு முகில் எங்கள் தலைக்கு மேலே வந்துவிட்டது. மாசி மழைக்கு அறிவிப்பு ஒன்றும் கிடையாது. நெல்லுப் பரவலின் நடுவில் நின்ற ஆண்டியப்பன், “ஐயோ, நெல்லு!” என்று கத்தினார். ஒரு போகத்து உழைப்பு முழுவதும் அங்கே விரிந்து கிடந்தது. எல்லோரும் பாய்ந்தோம். தும்புத்தடியும் பலகையும் கையில் அகப்பட்டதுமாக, ஆளுக்கொரு திசையில் நெல்லைத் தள்ளத் தொடங்கினார்கள். தயாபரனும் இன்னும் சிலரும் வீட்டுக்குக் கிட்ட என்பதால் மேற்குப் பக்கமாகக் குவித்தார்கள். அதைக் கண்டதும் நான் குறுக்கே ஓடினேன்.

“கிழக்காலை தள்ளுங்கோடா!” என்று கத்தினேன். “மேற்காலை விட்டால் எல்லாம் வெள்ளத்திலை போயிடும்! கிழக்காலை!”

தும்புத்தடிகள் எல்லாம் நின்றன. நெல்லை மூடப் படங்கை இழுத்துக்கொண்டு வந்த சிவனேஸ்வரியும் நின்றாள்.

“ஏனப்பா கிழக்காலை?” என்று கேட்டாள், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். “மட்டமான தளந்தானே. எங்கை குவிச்சாலும் ஒண்டுதானே?”

முதல் துளி என் நெற்றியில் விழுந்தது.

“சும்மா இரும்! முதல் நெல்லைப் பாரும்!” என்றேன்.

குவியலைக் கிழக்கு அந்தத்தில் ஏற்றினோம். விஜிதரன் தன் நீண்ட கைகளால் படங்கை ஒரே வீச்சில் அதன் மேல் போர்த்தினான். மழை கொட்டியது. கொட்டிய நீர் தளத்தின் மேல் ஒரு கணமும் நிற்காமல், மேற்கு வேலிக்குக் கீழே அப்பா விட்டிருந்த வாய்க்காலில் இறங்கி ஓடியது. குவியலின் அடியில் ஒரு நெல்லும் நனையவில்லை. சிறுவனாக இருந்தபோது அப்பா என்னை ஏசி ஏசிச் சொன்ன சொல்லைத்தான் நான் கத்தினேன். நெல் கிடக்கும்போது எனக்குத் தெரிந்த சரிவு, வளையம் பூட்டியதும் எப்படி மறைந்ததென்று எனக்குத் தெரியாது.

மழை விட்டதும் எல்லோரும் ஈரத்தோடு என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் சால்வையைப் பிழிந்து தோளில் ஒழுங்காகப் போட்டேன்.

“அப்பா இதைக் கட்டினது நெல்லுக்கு,” என்றேன். “பந்துக்கில்லை. நெல்லுத் தளத்தை மட்டமாக் கட்டிறவன் மடையன். எங்கட அப்பா மடையன் இல்லை.”

“அப்ப சரிவுதான், மாமா?” என்றான் தயாபரன்.

“சரியான சரிவு. அளந்து வைச்ச சரிவு. பிழை கனடாக்காரனிலை. நெல்லுத் தளத்திலை கொண்டுவந்து வளையம் பூட்டினவன் அவன்.”

தம்பி கனடாவில் இருப்பதால் மறுத்துப் பேச ஆள் இருக்கவில்லை.

விஜிதரன் முன்னால் வந்தான். “ஐயா, மன்னிப்பு…”

“சரிவுக்குக் கேக்க வேண்டாம். வீட்டுக் கதையை வெளியூரிலை கதைச்சதுக்குக் கேள்.”

“கேக்கிறன், ஐயா. இனிக் கதைக்க மாட்டன்.”

“ம். என்னட்டை வந்து என்ரை முகத்துக்கு நேரை ஏலாதெண்டவன் நீ. அப்பிடி ஒருத்தன் வளையத்துக்குக் கீழை நிண்டால் நல்லதுதான்.” தயாபரனிடம் திரும்பினேன். “எடுங்கோ.”

பங்குனியில் போட்டி வந்தது. புதுக்குடியிருப்புக்காரர் பஸ் பிடித்து வந்து இறங்கினார்கள். யோகலிங்கம் தளத்தின் நடுவில் ஒரு பந்தை வைத்துவிட்டு, அது மேற்கே உருள்வதைக் கையைக் கட்டிக்கொண்டு ரசித்தார். அவருக்கு ஒலிவாங்கி கிடைக்க முன்னர் நான் எடுத்துக்கொண்டேன்.

“இந்தத் தளத்தை என் தகப்பனார் கிழக்கிலிருந்து மேற்காகச் சரித்துக் கட்டினார்,” என்று வரவேற்புரையிலேயே சொன்னேன். “மழைநீர் நின்று ஊரவரின் நெல் பழுதாகக் கூடாது என்பதற்காக. இடைவேளைக்குப் பிறகு இரு அணிகளும் பக்கம் மாறும். ஆதலால் ஒருவருக்கும் அநியாயம் இல்லை.”

யோகலிங்கம் என் பக்கத்துக் கதிரையில் வந்து விழுந்தார். “அண்ணை, புதுக்குடியிருப்பிலையிருந்து காவிக்கொண்டு வந்த பகிடியை இப்பிடிப் பறிச்சுப்போட்டியளே.”

“உமக்கேன் பாரம் எண்டுதான்,” என்றேன்.

ஆட்டம் தொடங்கியது. விஜிதரன் கிழக்கு வளையத்துக்குக் கீழே நின்றான். அவர்களுடைய பெரியவன் ஏறி வந்தான். விஜிதரன் முந்திக் குதித்தான். பந்து கூடைக்குள் போயிற்று. மறுமுறையும் அதே கதை. வவுனியாவின் மட்டம் இன்னும் அவன் காலில் ஒட்டியிருந்தது. எங்கள் பொடியள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். யோகலிங்கம் கச்சான் கடலை உடைக்கத் தொடங்கினார்.

தலைவர் கதிரையில் இருப்பவர் கத்தக் கூடாது என்பது என் கொள்கை. கிண்ணம் மேசையில் இருந்தது. காலையில்தான் சிவனேஸ்வரி அதை மினுக்கினாள். அதில் அப்பாவின் பெயர் தெரிந்தது. நான் எழுந்து நின்றேன்.

“கிழக்கடா! பிந்து! நெல்லைத் தள்ளின பக்கம்! பிந்திக் குதி!”

அவன் ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்தான். அடுத்த முறை பெரியவன் எழும்பும்வரை பொறுத்திருந்தான். பிறகு எழும்பினான். தட்டிய பந்து யோகலிங்கத்தின் கையிலிருந்த கச்சான் கடதாசிச் சரையில் விழுந்தது.

அதன் பிறகு அவனுக்கு என் குரல் தேவைப்படவில்லை. நான்தான் நிறுத்தவில்லை. இடைவேளைக்குப் பிறகு அவன் மேற்குக்கு மாறினான். பெரியவன் இறக்கத்தில் ஓடி வரும்போதெல்லாம், விஜிதரன் ஏற்கெனவே மேலே காத்திருந்தான். கடைசி நிமிடத்தில் நாங்கள் ஒரு கூடையால் முன்னால் நின்றோம். பெரியவன் கடைசியாக எறிந்ததையும் அவன் தட்டினான். பந்து வேலியைத் தாண்டி மழை வாய்க்காலுக்குள் விழுந்தது. ஊதல் சத்தம் கேட்டது.

கிண்ணத்தைத் தயாபரன் கையில் கொடுத்தேன். அவன் அதை விஜிதரனிடம் கொடுக்க, அவன் தன் தகப்பன் ஆண்டியப்பனிடம் கொடுத்தான். ஆண்டியப்பன் துவாயால் ஒருமுறை துடைத்துவிட்டு, “வீட்டுக்குக் கொண்டு போங்க ஐயா,” என்று என்னிடமே நீட்டினார்.

யோகலிங்கம் விடைபெறும்போது, “அண்ணை, வாற வருசத்துக்கு எங்கட ஊரிலையும் ஒரு சறுக்கீசு கட்டப் போறன்,” என்றார்.

“மேசன் தேவையெண்டால் சொல்லும்,” என்றேன்.

அன்று மாலை சிவனேஸ்வரி கிண்ணத்தை வீட்டு அலுமாரியின் மேல் வைத்தாள். இரண்டடி பின்னால் வந்து பார்த்தாள். அது சற்று இடப்பக்கம் சாய்ந்து நின்றது. ஒரு மட்டைத் துண்டை மடித்து, குந்தியிருந்து அலுமாரிக் காலுக்குக் கீழே செருகினாள்.

“வீட்டுத் தரையும் மாமா போட்டதுதானே?” என்றாள், நிமிர்ந்து பார்க்காமல். “இஞ்சையும் நெல்லுக் காயவிட்டவரோ?”

“தரையிலை பிழையில்லை,” என்றேன். “அலுமாரிக் கால்தான் கட்டை.”

“ஓமோம்,” என்று சொல்லி, அவள் இன்னொரு மடிப்பு மடித்தாள்.