நர்ஸக்கா உட்கார்ந்த விடுமுறை

நர்ஸக்காவைக் கண்டதும் நாற்காலிகள் விலகிப்போக ஆரம்பித்தது வருடக் கடைசி விடுமுறையின் இரண்டாம் நாள் காலையில். முதலில் விலகியது சாப்பாட்டு மேசையோரம் கிடந்த மர நாற்காலி. கையில் டீயுடன் உட்காரப் போனாள். பஸ்ஸில் ஒருவருக்கு வழிவிடுகிற மாதிரி அது மரியாதையாக இரண்டடி நகர்ந்துகொண்டது. அக்கா தரையில் விழுந்தாள். டீ சுவரெல்லாம் தெறித்தது. வேறு யாராவது என்றால் அலறியிருப்பார்கள். அவளோ, எண்ணெய் சிந்திய தரை வழுக்கிவிட்டது என்று எண்ணி, எழுந்த கையோடு கூடத்தையே துடைத்து முடித்தாள்.

மத்தியானத்துக்குள் வீட்டிலிருந்த அத்தனை நாற்காலிகளும் அவளை விட்டு விலக ஆரம்பித்திருந்தன. மற்றவர்கள் உட்கார்ந்தால் கல் மாதிரி நின்றன. அவள் பக்கத்தில் வந்தால் மட்டும் நகர்ந்தன. தரையில் உட்காரலாமே என்றால், முழங்கால் அதற்கு ஒத்துழைப்பதை நிறுத்திப் பல வருடமாகிறது. படுக்கலாமே என்றால், கட்டில்களிலெல்லாம் விருந்தாளிகளின் பெட்டிகள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஊரை உட்காரவைப்பதுதான் அவளுடைய உத்தியோகம். பஸ் நிலையத்துக்குப் பின்னாலிருந்த கிளினிக்கில் பிரஷர் பார்க்கிறவள் அவள்தான். "உக்காருங்க. முதுகைச் சாச்சுக்குங்க. காலை நல்லாத் தரையில வைங்க. கொஞ்ச நேரம் எதையும் யோசிக்காதீங்க" என்று அவள் சொல்கிற குரலிலேயே பாதிப் பேருக்குப் பிரஷர் இறங்கிவிடும் என்று பேச்சு. ஊருக்குத்தான் உபதேசம். வருடக் கடைசி வந்துவிட்டால் புருஷனின் தம்பி தங்கைகள் பிள்ளைகுட்டிகளோடு அவள் வீட்டில் வந்து இறங்குவார்கள், வீடு பெரியது என்பதால். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று சொன்ன புண்ணியவான் இந்தக் குடும்பத்தைப் பார்த்ததில்லை.

அவர்களைக் கெட்டவர்கள் என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். அண்ணி என்றால் உயிர். ஒவ்வொரு வேளையும் பந்தியில் யாராவது ஒருவர், "அண்ணி, நீங்களும் உக்காருங்க, சேர்ந்து சாப்பிடலாம்" என்று மனசாரத்தான் சொல்வார்கள். சொல்லிக்கொண்டே தட்டை நீட்டுவார்கள். அவளும், "நீங்க சாப்பிடுங்க, நான் அப்புறமா" என்பாள். எப்போதாவது நாற்காலி நுனியில் ஒட்டிக்கொண்டால், "தண்ணி" என்று ஒரு குரல் கேட்கும், எழுந்துவிடுவாள். வருடங்கள் இப்படியே போயின. நாற்காலிக்கும் ஒரு பொறுமை உண்டு, அதற்கும் ஒரு எல்லை உண்டு.

மூன்றாம் நாள், வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது அவள் மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. யாருக்கும் தெரியாமல் துடைத்துவிட்டு, பால் வாங்கிவருவதாகச் சொல்லி கிளினிக்குக்குப் போனாள். அங்கேயும் அவள் தினமும் துடைக்கிற நாற்காலி, மேசையைச் சுற்றிக்கொண்டு கைகழுவும் தொட்டிப் பக்கம் ஓடிவிட்டது. டாக்டரம்மா அவளை நிற்கவைத்தே பிரஷர் பார்த்தார். முகம் மாறிவிட்டது. நாற்காலி ஓடியதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "இந்தப் பிரஷரோட நீங்க நடந்து வந்தீங்க பாருங்க, அதுதான் அதிசயம்" என்றார். "மாத்திரை பாதி வேலைதான் செய்யும். மீதியை நீங்க உக்காந்துதான் செய்யணும். இல்லேன்னா ஒருநாள் ஒரேயடியா விழுந்துருவீங்க."

வீட்டுக்கு வந்ததும் அடுப்படிக்குத்தான் போனாள். ஆனால் பின்னாலேயே டாக்டரம்மாவின் போன் வந்துவிட்டது. வீடே பதறியது. தச்சரான கொழுந்தனார் பெட்டியைத் திறந்து, ஒரு நாற்காலியின் நான்கு காலையும் தரையோடு ஆணி அடித்தார். அண்ணி கிட்டே வந்தாள். நாற்காலி ஆணியையும் தரைக்கல்லையும் பெயர்த்து எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் நின்றது. கல் போனதில் அவருக்கு வருத்தமில்லை, தொழில் மானம் போனதில்தான். நாத்தனார் இன்னொன்றைக் கட்டிப்பிடித்தாள். அது அவளையும் இழுத்துக்கொண்டு கூடத்தை வலம்வந்தது. பிள்ளைகளுக்கோ கொண்டாட்டம். கடைசியில் எல்லோரும் களைத்துப்போய் உட்கார்ந்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே, "உக்காருங்க அண்ணி! உக்காருங்க!" என்று கத்தினார்கள். கத்தக் கத்த காலி நாற்காலிகளின் வேகம் கூடியது.

இத்தனையையும் சாய்வு நாற்காலியில் கிடந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார் அக்காவின் புருஷன். பஸ் டிரைவர். உட்கார்ந்தே பிழைக்கிற மனிதர். விடுமுறையில் அந்தச் சாய்வு நாற்காலியையும் அவரையும் பிரித்துப் பார்க்க முடியாது. அவர் மெதுவாகச் சொன்னார்: "என் பஸ்ல தினம் பாக்கறதுதான். பாவம், நிக்கிறாங்களேன்னு பத்துப் பேர் சொல்லுவாங்க. எழுந்திரிக்கத்தான் ஆள் இருக்காது."

சொன்ன பிறகுதான் தானும் உட்கார்ந்துகொண்டே அதைச் சொல்வது அவருக்கு உறைத்தது. எழுந்தார். அடுப்படிக்குப் போனார். அக்கா அதற்குள் அங்கே திரும்பிப்போய்க் கரண்டியும் கையுமாக நின்றிருந்தாள்.

புருஷன் எழுந்தால் ஏதோ வேண்டும் என்றுதானே அர்த்தம். "என்னங்க வேணும்?" என்றாள்.

"ஒண்ணும் வேணாம். அந்தக் கரண்டியைக் குடு."

"உங்களுக்கு அடுப்புப் பத்தவைக்கவே தெரியாதே!"

"அதான் எரியுதே. குடு."

அவள் கொடுத்தாள். அதே நேரம், காலியான சாய்வு நாற்காலி கிறீச் கிறீச்சென்று கூடத்தைத் தாண்டி வந்து, அவள் முழங்காலுக்குப் பின்னால் பசு மாதிரி அமைதியாக நின்றது. அக்கா திரும்பிப் பார்த்தாள். கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தாள். நகரவில்லை. உட்கார்ந்தாள். முதுகைச் சாய்த்தாள். காலை நன்றாகத் தரையில் வைத்தாள். "மிளகாத்தூள் மேல் தட்டுல" என்று எழப் போனாள். நாற்காலி லேசாக ஒரு காலைத் தூக்கியது. சட்டென்று உட்கார்ந்துவிட்டாள். "தேடிக்குங்க" என்றாள்.

அப்புறம் கொழுந்தனார் எழுந்து வெங்காயத்தை எடுத்தார். நாத்தனார் பாத்திரத்தில் கை வைத்தாள். பிள்ளைகள் தட்டுகளை அடுக்கினார்கள். ஆள் எழ எழ, காலியான நாற்காலிகள் வரிசையாக அடுப்படிக்கு வந்தன. ஒன்றில் அக்கா காலை நீட்டிக்கொண்டாள். ஒன்றில் மாத்திரையை வைத்தாள். மிச்சத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை, நிற்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

அன்று சமையலில் காரம் இரட்டிப்பு, அடியும் பிடித்திருந்தது. முதல் தட்டு அவளுக்கு வந்தது, ஆவி பறக்க. விடுமுறை நாட்களில் சூடாகச் சாப்பிட்டு எத்தனை காலமோ. ஒரு வாய் வைத்ததும் கண்ணீர் கொட்டியது. காரத்தினால் என்று நினைத்துக் கொழுந்தனார் தண்ணீர் கொண்டு ஓடிவந்தார். "காரம் இல்ல தம்பி. சந்தோஷமா இருக்கு. நீங்க எல்லாரும் நல்லா இருக்கணும்" என்று அழுதுகொண்டே சாப்பிட்டு முடித்தாள். விடுமுறை முடிவதற்குள் டாக்டரம்மா அவளை உட்காரவைத்தே பிரஷர் பார்த்தார். இறங்கியிருந்தது.

அதற்குப் பிறகு எத்தனையோ வருடக் கடைசிகள் வந்துபோய்விட்டன. உறவுக்கூட்டம் குறையவில்லை, கூடித்தான் இருக்கிறது. அந்த வீட்டில் "உக்காருங்க" என்கிறவர் நின்றுகொண்டுதான் சொல்ல வேண்டும். போன வருடம் புதிதாக வந்த மாப்பிள்ளை, தெரியாமல் உட்கார்ந்தபடியே, "நீங்களும் உக்காருங்க அத்தை" என்றார். சாய்வு நாற்காலி ஓரடி பின்வாங்கியது. இரண்டாம் நாளே மாப்பிள்ளை வெங்காயம் நறுக்கக் கற்றுக்கொண்டார்.

விருந்தாளிகள் வந்து இறங்குகிற காலையில், சாய்வு நாற்காலி தானாகவே அடுப்படி வாசலுக்கு வந்துவிடும். அக்கா அதில் சாய்ந்து கைப்பிடியைத் தடவி, "நீ நல்லா இருப்பே" என்பாள். அது கிறீச் என்னும். எண்ணெய் போட்டுவிடட்டுமா என்று தச்சர் வருடா வருடம் கேட்கிறார்.

"வேணாம் தம்பி" என்கிறாள் அக்கா. "பதில் சொல்லுது. சொல்லட்டும்."