நான் போட்ட சிரிப்பு முகம்

ஞாயிற்றுக்கிழமை காலை, காபி ஆறுவதற்குள் என் வீட்டுக்காரர் குடும்ப வாட்ஸ்அப் குழுவை விட்டு வெளியேறிவிட்டார். வீட்டை விட்டு வெளியேறியிருந்தால்கூட இவ்வளவு பதறியிருக்க மாட்டேன். பசித்தால் திரும்பி வந்துவிடுவார்.

இவர் லிஃப்ட் மெக்கானிக். இருட்டுக் குழிக்குள் கம்பியோடும் கிரீஸோடும் தனியாக நிற்கிற வேலை. வீட்டுக்கு வந்தால் 'ம்', 'சரி', 'உப்பு கம்மி', அத்தோடு பேச்சு முடிந்தது. அதே மனிதர் அந்தக் குழுவில் மட்டும் சிங்கம். பேக்கரி நடத்தும் இவருடைய அண்ணன்தான் அட்மின். அண்ணன் கிழக்கு என்றால் தம்பி மேற்கு. மைக்ரோவேவில் சுடவைத்தது சாப்பாடா விஷமா, மெஷின் பிசைந்த மாவில் ருசி உண்டா, நாம் பேசுவதை போன் ஒட்டுக் கேட்கிறதா, யாருக்கு ஓட்டு என்று எதையும் விடமாட்டார்கள். அடித்துக்கொள்ளும்போது இவர் முகம் மலர்ந்திருக்கும். அந்த ஒரு இடமும் போய்விட்டால் இந்த மனிதர் வாயையே திறக்கமாட்டாரே என்றுதான் எனக்குப் பயம்.

நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். எல்லாவற்றிலும் எனக்குக் கருத்து உண்டு, தட்டித் தட்டி எழுதத்தான் பொறுமை கிடையாது. கட்டைவிரல், அழுகை முகம், சிரிப்பு முகம். குழுவில் என் அரசியல் அவ்வளவுதான்.

அன்றைய சண்டை தேர்தலில் ஆரம்பித்தது. வீட்டுக்கு வீடு இலவச இன்டர்நெட் தரப்போகிறார்கள் என்று அண்ணன் ஒரு படத்தை அனுப்பினார். இவர் விடுவாரா? 'கவர்மென்ட் ஆஸ்பத்திரி லிஃப்ட் நின்னு மூணு மாசமாச்சு. அதை ஓட வைக்க வக்கில்ல, இன்டர்நெட் ஒரு கேடா?' என்று எழுதினார்.

அண்ணனிடமிருந்து உடனே பதில் வந்தது. 'அந்த லிஃப்டைப் பார்க்கிற மெக்கானிக்கே நீதானேடா? ஒரு லிஃப்டை நேராக்க முடியல, நாட்டை நேராக்க வந்துட்டான்!'

சிரிப்பு முகங்கள் குவிந்தன. நாத்தனார் ஒன்று, அவள் வீட்டுக்காரர் ஒன்று. நானும் ஒன்று போட்டேன். நல்ல நகைச்சுவை, சிரிப்பு வந்தது, போட்டேன். அடுத்த நிமிடம் இவர் வெளியேறிய செய்தி வந்தது.

அதன்பிறகு வீட்டில் குட்டி போட்ட பூனைதான். ஃபிரிட்ஜைத் திறந்தார், ஒன்றும் எடுக்காமல் மூடினார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைக் கழற்றி மறுபடி மாட்டினார். கதவுக் கீல்களுக்கெல்லாம் எண்ணெய் விட்டார். எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை. போனைப் பார்ப்பதும் இவரைப் பார்ப்பதுமாக இருந்தேன்.

"உங்க அண்ணன் புது ரொட்டி படம் போட்டிருக்கார். எந்த மெஷினும் தன் கைக்கு ஈடாகாதாம்," என்று தூண்டில் போட்டேன். வேறு நாளாக இருந்தால் பக்கம் பக்கமாகப் பதில் போயிருக்கும். இவர் ஸ்க்ரூடிரைவரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மாலையில் அண்ணனே என்னைக் கூப்பிட்டார்.

"என்னம்மா, உன் ஆளு இன்னும் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கானா?"

"நீங்க பேசினதுக்கு வேற எப்படி வச்சிருப்பார் மாமா?"

"நான் போடறதுக்கெல்லாம் எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கறாங்க. எதிர்த்துப் பேச ஒரு நாதி இல்ல, சப்புன்னு இருக்கு. அவனை மறுபடி சேர்த்துடறேன்."

"சேருங்க மாமா, புண்ணியமாப் போகும்."

மேஜைமேல் இவருடைய போன் 'டிங்' என்றது, குழுவில் மறுபடி சேர்த்துவிட்டார். எடுக்கவில்லை. நான் எடுத்து நீட்டினேன். வாங்கவும் இல்லை. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது.

"அண்ணனே இறங்கி வந்துட்டார், உங்களுக்கு இன்னும் என்ன வீம்பு?"

"அவன் மேல எனக்கென்ன கோபம்? அவன் வாய் அப்படித்தான். அவன் சொன்னா திருப்பிச் சொல்ல எனக்குத் தெரியும்," என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "நீ சிரிச்சதுக்கு நான் என்னன்னு பதில் எழுதறது?"

"எல்லாரும்தானே சிரிச்சாங்க..."

"அவங்களுக்குத் தெரியாது. அந்த லிஃப்ட் விஷயம் உனக்குத் தெரியும்."

தெரியும். மோட்டாருக்கு வேண்டிய சாமான் இன்னும் வரவில்லை. அதற்காக இவர் அலுவலகம் அலுவலகமாக அலைகிறார். நடக்க முடியாதவர்களை நாற்காலியோடு மாடிப்படியில் தூக்கிப் போவதைப் பார்த்துவிட்டு வருகிற நாளில் ராத்திரி இவருக்குச் சாப்பாடு இறங்காது. எல்லாம் என்னிடம் சொன்னதுதான். 'ம்', 'சரி' தாண்டி இவர் வாயைத் திறந்து சொன்னதே அது ஒன்றுதான், அதையும் கேட்டு வைத்துக்கொண்டு பல்லைக் காட்டியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒற்றை விரலால் தட்டினேன், அழித்தேன், மறுபடி தட்டினேன்.

'மாமா, அந்த லிஃப்டுக்கு சாமான் வரல. அதுக்காக இவர் அலையாத இடமில்ல. அந்த ஆஸ்பத்திரியை நினைச்சு சரியா சாப்பிடறதுகூட இல்ல. இது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சிரிச்சேன். தப்பு என்மேல.'

குழுவிலேயே அனுப்பிவிட்டேன். வாய் ஓயாத நாத்தனார்கூட ஒரு கட்டைவிரல் போடவில்லை. இவர் மேஜையிலிருந்து தன் போனை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் நின்றார். படித்தார். படித்துக்கொண்டே இருந்தார், முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

என் செய்தியின் அடியில் ஒரு முகம் வந்தது. சிரிப்பு முகம். யார் என்று தொட்டுப் பார்த்தேன். இவர்தான் போட்டிருந்தார்.

இத்தனை பேர் பார்க்க மனசைத் திறந்து எழுதியிருக்கிறேன், அதற்கு இதுவா என்று கண் கலங்கிவிட்டது.

இவர் திரும்பினார். "எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"காலையில எனக்கும் அதேதான்," என்றார். என் பக்கத்தில் வந்து, தோள் இடிக்க உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, "அந்த ரொட்டியைப் பத்தி அவன் என்னமோ எழுதினான்னியே, அதைக் காட்டு," என்றார்.