அட்டையில் இருந்த முகம்

கரம்பொன்னிலிருந்து யாழ்ப்பாணம் போகும்போதெல்லாம் சோதனைச் சாவடியில் கடற்படைக்காரன் மேரிசுகந்தியை மறித்து வைப்பான். அடையாள அட்டையைப் பார்ப்பான், அவளைப் பார்ப்பான், "இது நீ இல்லை" என்பான். அவன் சொன்னதிலும் பிழையில்லை. அட்டையில் இருந்தவள் கன்னம் நிறைந்த புதுப்பெண். வெயிலில் நின்றவளுக்குத் தாடையில் தோல் தொங்கியது. கடைசியாகப் போனபோது, அடுத்த முறை புது அட்டை இல்லாமல் வந்தால் இதைப் பறித்துவிடுவேன் என்றும் சொல்லிவிட்டான்.

புது அட்டை எடுப்பதென்றால் பழையதைக் கையளிக்க வேண்டும். அதுதான் அவளுக்கு ஏலாமல் இருந்தது. அந்த நாளில் அவசரத்துக்குக் கலியாணப் படத்திலிருந்து அவளை மட்டும் வெட்டி அட்டைக்குக் கொடுத்திருந்தார்கள். வெட்டியவன் கை கொஞ்சம் விலகிவிட்டது. ஓரத்தில் கணவன் லியோனின் தோள் ஒட்டிக்கொண்டு வந்தது. மற்றப் படங்களெல்லாம் இடம்பெயர்ந்திருந்த காலத்தில் வீட்டோடு எரிந்தன. தொண்ணூற்றெட்டில் லியோனும் மகன் டிலோனும் மீன்பிடிக்கக் கடலுக்குப் போனார்கள். வள்ளம் மட்டும் சுருவில் என்ற ஊரின் கரையில் ஒதுங்கியது.

சண்டை நின்று யாழ்ப்பாணப் பாதை திறந்த பிறகு கனடாவிலிருந்து வந்த தங்கை ஜெனீற்றா கதையைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"அட்டையை மாத்த மாட்டனெண்டால் முகத்தை மாத்து அக்கா. நானும் செய்தனான்தானே. காதடியில சின்ன வெட்டு. பல்லுப் பிடுங்கிற மாதிரி."

பகிடிக்குத்தான் சொன்னாள். மேரிசுகந்தி சிரிக்கவில்லை.

"செய்தால் அட்டையில இருக்கிற மாதிரி வருமோ?"

அப்படித்தான் இருவரும் கொழும்பில் ஒரு டொக்டரின் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். அவர் அவளுடைய காதின் முன்னால் நீலப் பேனாவால் கோடு கீறி, கன்னத்தை விரலால் மேலே தூக்கிக் காட்டினார்.

"பெரிய சத்திரசிகிச்சை இல்லை. அந்த இடத்தை மட்டும் விறைக்கப்பண்ணிச் செய்யலாம். அன்றைக்கே போகலாம். ஆனால் வீக்கம் இருக்கும். உள்ளே ரத்தம் கட்டலாம். காதடி மாதக்கணக்கில் மரத்திருக்கும். எப்போதாவது ஒருவருக்கு நரம்பு பட்டு வாய் கோணும்."

"மரக்கிறது பரவாயில்லை" என்றாள் மேரிசுகந்தி. "எத்தினை வருசம் நிக்கும்?"

"நாலைந்து வருஷம்."

நாலைந்து வருஷம் அட்டையை வைத்திருக்கலாம். வாய் கோணினால் அன்றைக்கே பறிபோகும். இரண்டையும் மாறி மாறி நினைத்துப் பார்த்தாள். வேறு யாருடைய முகத்தைப் பற்றியோ யோசிப்பது போலவே இருந்தது.

"யார்போல வரவேண்டும் என்கிறீர்கள்?" என்று டொக்டர் கேட்டார். அவள் அட்டையை நீட்டினாள். அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஓரத்தில் தெரிவது யாருடைய தோள்?"

இத்தனை வருஷம் அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர்களில் ஒருவரும் இதைக் கேட்டதில்லை.

"அவரின்ரை" என்றாள். "என்ரை மனிசன்."

பிறகு ஜெனீற்றாதான் எல்லாவற்றையும் சொன்னாள். டொக்டர் பேனாவை மூடினார்.

"அம்மா, கன்னத்தைத் தூக்கலாம். இந்தக் கண்ணை என்னால் கொண்டுவர முடியாது. சாவடியில் நிற்பவன் உங்கள் கண்ணைப் பார்த்துத் திரும்பவும் மறிப்பான். அட்டை தொலைந்துவிட்டது என்று பொலிசில் சொல்லுங்கள். புதியது தருவார்கள். இது உங்கள் பெட்டியில் இருக்கட்டும்."

"அது பொய்யெல்லோ டொக்டர்?"

"பொய்தான். ஆனால் வீங்காது, ரத்தம் வராது."

ஜெனீற்றா வாய்விட்டுச் சிரித்தாள். "கடவுளே! முகத்தை வெட்டக் குடுக்க வந்தவள், ஒரு பொய்க்குப் பயப்பிடுறாள்!"

அன்று பின்னேரமே பொலிஸ் நிலையத்துக்குப் போனார்கள். கன்னத்து நீலக் கோட்டைச் சேலைத் தலைப்பால் தேய்த்தும் அது முழுதாகப் போகவில்லை. தமிழ் தெரிந்த பொலிஸ்காரர் ஒருவர் முறைப்பாட்டை எழுதினார். அட்டை அவளுடைய சட்டைக்குள் இருந்தது. பஸ்ஸில் விழுந்துவிட்டது என்றாள்.

"அட்டையோட வேற என்ன தொலைஞ்சது?" அவர் நிமிராமலே கேட்டார்.

மேரிசுகந்தி சட்டைக்குள் இருந்த அட்டையின் மேல் கையை வைத்தாள்.

"வேறை ஒண்டுமில்லை" என்றாள்.