காலை பேட்ச்சின் வெற்று வரி

டைல்ஸ் கடை மாமாவுக்குக் கணினியைப் பற்றித் தெரிந்ததெல்லாம், அது தொங்கிப்போனால் அணைத்துவிட்டு மறுபடி போட வேண்டும் என்பதுதான். ஆனால் எந்தப் படிப்புக்கு எதிர்காலம் உண்டு என்று கேட்டுவிட்டால் மனிதர் மூச்சு விடாமல் பேசுவார். ‘செயற்கை நுண்ணறிவு’ என்ற சொல்லை அவர் வாயில் போட்டுக் குதப்புகிற அழகைப் பார்த்தால், அதைக் கண்டுபிடித்தவரே அவர் கடையில்தான் குளியலறைக்குக் கல் வாங்கினார் என்று தோன்றும்.

அவர் வீட்டு மாடியில்தான் தங்கையும் தங்கை மகள் பாப்பாவும் குடியிருந்தார்கள். தங்கை அவர் கடையிலேயே பில் போட்டாள். அதனால் பாப்பா என்ன படிப்பது என்பதை மாமாதான் முடிவு செய்வார். இப்படி யாரும் தீர்மானம் போடவில்லை, அது பாட்டுக்கு நடந்தது.

பாப்பாவுக்கு வேண்டியிருந்தது வெறும் கணினி அறிவியல், முன்னாலும் பின்னாலும் எந்த அலங்காரமும் ஒட்டாதது. கடைக் கணினி தொங்கிப்போனால் மற்றவர்கள் அதைத் திட்டுவார்கள். அவள் மட்டும் எதிரே உட்கார்ந்து, உள்ளே எது எதற்காகக் காத்துக் கிடக்கிறது என்று துருவுவாள்.

“வெறும் கம்ப்யூட்டர் சயின்ஸ்னு வெளியில சொன்னா எவன் மதிப்பான்?” என்றார் மாமா. “எதிர்த்த மருந்துக்கடைக்காரன் பையன்கூட அதைத்தான் படிச்சான்.” செயற்கை நுண்ணறிவு கிடைக்காவிட்டால் கவலையில்லை, கடையில் அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது என்றும் அன்பாகச் சொல்லிவைத்தார்.

கல்லூரி இன்டர்வியூவுக்குத் தயாராக, மாமா அவளை ஒரு வழிகாட்டியிடம் சேர்த்துவிட்டார். துணிக்கடைக்கு மேல்மாடியில் மையம். நுழைந்ததும் எந்தச் சுவரைப் பார்த்தாலும் வழிகாட்டியே கைகட்டிச் சிரித்துக்கொண்டிருப்பார். தொழில்நுட்பத் துறையைக் கரைத்துக் குடித்தவர் என்று பேர். எந்தக் கம்பெனியில் குடித்தீர்கள் என்று கேட்டால், அந்தக் கேள்வியே பழைய காலத்துச் சிந்தனை என்பார்.

அவருடைய வித்தை இதுதான். எல்லோருக்கும் இலவசமாகத் திறந்து வைத்திருக்கும் மென்பொருள்களுக்கு யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். அனுப்பியவரின் இணையப் பக்கத்தில் அந்த நாளுக்கு ஒரு பச்சைக் கட்டம் விழும். கல்லூரிக்காரர்கள் அந்தக் கட்டங்களை எண்ணித்தான் மார்க் போடுகிறார்கள் என்று வழிகாட்டி மோப்பம் பிடித்துவிட்டார். எனவே காலை பேட்ச் ஏதாவது ஒரு மென்பொருளுக்கு, ‘இங்கே ஒரு வெற்று வரி தேவை’ என்று திருத்தம் அனுப்பும். மாலை பேட்ச் அதே மென்பொருளுக்கு, ‘இங்கே ஒரு வெற்று வரி அதிகம்’ என்று அனுப்பும். ஒரு எழுத்துகூடப் படிக்காமல் ஒவ்வொரு பிள்ளையின் பக்கமும் புல்வெளி மாதிரி தளதளவென்று இருந்தது.

பாப்பா காலை பேட்ச். இதில் என்ன கற்றுக்கொள்கிறோம் என்று ஒருநாள் கேட்டுவிட்டாள்.

“கத்துக்கவா வந்திருக்கே? சீட்டு வாங்க வந்திருக்கே” என்றார் வழிகாட்டி. வகுப்பு சிரித்தது. மாமாவுக்கும் புகார் போனது.

இன்டர்வியூ அறையில் மூன்று பேர். நடுவில் டீன். ஒரு பக்கம் தேநீர் குடிப்பதற்காகவே அழைக்கப்பட்டவர் போல ஒருவர். இன்னொரு பக்கம் லேப்டாப்போடு ஒரு பேராசிரியை. பாப்பாவின் பக்கத்தைத் திறந்ததும் டீன் முகம் மலர்ந்தது. ஒரு நாள் விடாமல் உழைத்திருக்கிறாளே என்று மெச்சிக்கொண்டார். பேராசிரியை மெச்சவில்லை. கட்டங்களில் ஒன்றைத் தட்டினார், படித்தார், லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினார்.

“இந்த மென்பொருள் எதுக்குன்னு தெரியுமா?”

இதற்கு வழிகாட்டி மனப்பாடம் செய்ய வைத்த பதில் இருந்தது. ‘சுகாதாரத் துறையில் தொழில்நுட்பத்தின் பங்களிப்பு’ என்று அது ஆரம்பிக்கும். பாப்பா ‘சுகாதார’ வரைக்கும் போனாள். பேராசிரியையின் பார்வை அதற்கு மேல் போகவிடவில்லை.

“தெரியாது மேடம். பேர் குடுத்தாங்க, அனுப்பினேன்.”

“நான் சொல்றேன். நான்தான் எழுதினது.”

சின்ன ஆஸ்பத்திரிகள் மருந்து இருப்பைப் பார்க்க வைத்திருக்கும் மென்பொருள் அது. காலாவதியான மருந்தையும் நல்ல மருந்து என்று காட்டுகிறது என ஒரு மருந்தாளர் எச்சரிக்கை எழுதியிருந்தார். வெற்று வரி வேண்டும், வேண்டாம் என்று வந்து குவிந்த குப்பைக்கு அடியில் அந்த எச்சரிக்கை யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. இதையெல்லாம் பேராசிரியை குரலை உயர்த்தாமலே சொன்னார். உயர்த்தியிருந்தால் தேவலை என்று இருந்தது பாப்பாவுக்கு.

டீன் பேச்சை மாற்றப் பார்த்தார். பேராசிரியை விடவில்லை. “சரி, இதை நான் எப்படி நிறுத்தறது? அதையாவது சொல்லு.”

“வெற்று வரியை மட்டும் மாத்தற திருத்தத்தை மெஷினே திருப்பி அனுப்பற மாதிரி எழுதலாம்.”

“எழுதிட்டேன். அப்புறம்?”

“அப்புறம் எங்க சென்டர் சார் எங்களை வேற எதையாவது மாத்தச் சொல்வார்.” பாப்பா கொஞ்சம் யோசித்தாள். “உங்க பக்கம் நிறுத்த முடியாது மேடம். இங்க கட்டத்துக்கு மார்க் போடற வரைக்கும் அங்க வந்துகிட்டேதான் இருக்கும்.”

கட்டத்துக்கு மார்க் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தவர் டீன். அதற்காகப் பொன்னாடையும் போர்த்திக்கொண்டவர். தேநீர்க்காரர் கோப்பையை வாயிலிருந்து எடுக்கவே இல்லை.

இவ்வளவு தெரிந்தவள் எதற்காகச் செயற்கை நுண்ணறிவு கேட்டிருக்கிறாள் என்று டீன் கடுகடுத்தார். அது மாமா நிரப்பியது, தனக்கு வேண்டியது வெறும் கணினி அறிவியல் என்றாள் பாப்பா. வாசலில் ஆளுயரப் பலகை வைத்துத் தான் வளர்த்த படிப்பை ஒரு சின்னப்பெண் வேண்டாம் என்றதும், அதில் என்ன குறை கண்டாய் என்று டீன் எகிறினார்.

பதில் பேராசிரியையிடமிருந்து வந்தது. “முதல் ரெண்டு வருஷம் ரெண்டும் ஒண்ணுதான். அப்புறம் அதுல ‘புதுமைச் சிந்தனை’ன்னு ஒரு பாடம் வரும். டீன் சார்தான் எடுக்கிறார்.” பிறகு பாப்பாவைப் பார்த்தார். “கட்டத்துக்கு உனக்கு முட்டை. மத்ததுக்கு மார்க் உண்டு. சேர்ந்தேன்னா, அந்தக் குப்பையை வாரற வேலை உன்னுது. நான் பாவம் பார்க்க மாட்டேன்.”

மதியம் பட்டியலைப் பலகையில் ஒட்டினார்கள். கணினி அறிவியலில் பாப்பாவுக்கு இடம் இருந்தது. மாமா செயற்கை நுண்ணறிவுப் பட்டியலை மேலிருந்து கீழாக ஒரு தடவை, கீழிருந்து மேலாக ஒரு தடவை படித்துவிட்டு, இவள் ஃபெயில் என்று அறிவித்தார். வழிகாட்டிக்கு போன் போட்டார். வழிகாட்டி எடுக்கவில்லை.

சேர்க்கை ஜன்னலில் கிளார்க் காகிதத்தைத் தள்ளிப் பெற்றோர் கையெழுத்து கேட்டார். மாமா பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டார். மருந்துக்கடைக்காரன் முகத்தில் இனி எப்படி விழிப்பது என்பதில் ஆரம்பித்து, யார் வீட்டில் இருந்துகொண்டு யார் சொல்லைத் தட்டுகிறீர்கள் என்பது வரைக்கும் வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி பேசினார். மாடியைக் காலி செய்ய வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்.

கூட வந்திருந்த அம்மா மாமாவைத் தாண்டி முன்னால் வந்தாள். ஜன்னலுக்குள் குனிந்து, தான் போட்டால் செல்லுமா என்று கேட்டாள்.

“நீங்கதானே அம்மா?” என்றார் கிளார்க், எரிச்சலோடு. “வேற யார் போடணும்?” கயிற்றில் கட்டிய பேனாவை நகர்த்தினார்.

கயிறு குட்டை. அம்மா காகிதத்தைப் பேனாவுக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். பின்னால் மாமா இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

“அண்ணா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்றாள், திரும்பாமலே. “வெளிச்சத்தை மறைக்கிறீங்க.”